பூனை வருமுன்னே

ஜவ்வாது மலையில் சாமை மூட்டை வீட்டுக்குள் வந்தால், பின்னாலேயே எலியும் வந்துவிடும். அதனால்தான் ஜமுனாமரத்தூர் வீட்டில் பூனைக்குட்டி வளர்க்க நினைத்தோம்.

வாங்கியவை கொஞ்சம்தான். படுக்க ஒரு கூடை, தண்ணீருக்கும் தீனிக்கும் இரண்டு கிண்ணம், மணல் நிரப்ப ஒரு பிளாஸ்டிக் தட்டு, நகம் கீறச் சாக்கு சுற்றிய கட்டை. பாலுக்கென்று தனிக் கிண்ணம் வாங்கவில்லை. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பசும்பால் செரிக்காது. மீன், கறி இல்லாமல் வெறும் தயிர்ச்சோறும் போதாது.

வாங்குவதைவிட அப்புறப்படுத்துவதே முக்கியம். எலிமருந்து தின்ற எலியைத் தின்றால் பூனையும் சாகலாம். முதலில் அதைத்தான் வீட்டைவிட்டு அகற்றினோம். நாம் காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே அதன் உயிரைப் பறிக்கும். அதைப் பெட்டிக்குள் பூட்டினோம்.

குட்டிக்கு மூன்று மாதமானதும் கால்நடை மருத்துவரிடம் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுவிடுங்கள். பேரப்பிள்ளைகள் தூக்கிக் கொஞ்சும் வீடல்லவா!