கொல்லிமலைச் செம்மண்ணும் மெட்டல் டிடெக்டரும்

ஆடி 12, காரவள்ளி

மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தைத் தோண்டாமலே உணர்ந்து ஒலி எழுப்பும் கருவி மெட்டல் டிடெக்டர். கைப்பிடியுள்ள ஒரு கம்பு, அதன் அடியில் வட்டச் சுருள், மேலே சிறிய மின்னணுப் பெட்டி, காதில் ஹெட்ஃபோன்: பொழுதுபோக்காகத் தேடுபவரிடம் இருப்பது இவ்வளவே. நொடிக்குச் சில ஆயிரம் முதல் பல்லாயிரம் முறை திசை மாறும் மின்சாரம் சுருளில் ஓடுகிறது. அதனால் உண்டாகும் காந்தப்புலம் மண்ணில் இறங்கி, அங்கே இருக்கும் உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அந்த மின்னோட்டமும் தன் பங்குக்கு ஒரு சிறு காந்தப்புலத்தை எழுப்ப, கருவியின் இரண்டாவது சுருள் அதைப் பிடித்து ஒலியாக்குகிறது. வெள்ளியும் செம்பும் ஒரு விதமாகவும் இரும்பு வேறு விதமாகவும் பதில் தருவதால், பொருள் எந்த வகை என்று முன்கூட்டியே ஓரளவு ஊகிக்கலாம். நாணயம் போன்ற சிறிய பொருள் ஏறத்தாழ ஒரு சாண் ஆழம் வரை பிடிபடும். அதற்குக் கீழே சாதாரணக் கருவிக்குப் பெரிய பொருள்களே எட்டும்.

சுடப்பட்ட அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடலில் குண்டு எங்கே தங்கியிருக்கிறது என்று அறிய, 1881-இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல் இத்தகைய கருவி ஒன்றைப் பயன்படுத்திப் பார்த்தார். அந்த முயற்சி பலிக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் போலந்து அதிகாரி யூசெஃப் கொசாட்ஸ்கி வடிவமைத்த கண்ணிவெடி தேடும் கருவி, 1942-இல் எல் அலமெய்ன் போர்க்களத்தில் உதவியது. போருக்குப் பின் மிஞ்சிய கருவிகள் விற்பனைக்கு வர, பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் உலோகம் தேடுவது பொதுமக்களின் பொழுதுபோக்காயிற்று.

ஆடி 14, செம்மேடு

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலையின் மேட்டுநிலம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரம். இங்குள்ள மண் இக்கருவிக்குச் சுலபமானதன்று. பல இடங்களில் சரளை கலந்த செம்மண். மேட்டூர் அலுமினியத் தொழிற்சாலைக்காக இம்மலையில் பாக்சைட் வெட்டியிருக்கிறார்கள். பாக்சைட்டிலுள்ள அலுமினியம் ஆக்சைடாக இருப்பதால் கருவிக்கு அது உலோகமாகத் தெரியாது. குழப்பம் தருவது அதே மண்ணிலுள்ள இரும்பு ஆக்சைடு. மண்ணைச் செந்நிறமாக்கும் ஆக்சைடுகளில் சில காந்தத்தன்மை உள்ளவை. அவை எங்கும் பரவியிருப்பதால் கருவி ஓயாமல் முனகும். உண்மையான பொருளின் ஒலி அந்த முனகலில் அமுங்கிவிடும். சுருளை மேலும் கீழும் அசைத்து, மண்ணின் பதிலைக் கருவிக்குப் பழக்கி, முனகல் அடங்கும்படி அமைத்த பிறகே தேட வேண்டும். பத்தடி நகர்ந்தால் மண் மாறக்கூடும். அமைப்பையும் மாற்ற வேண்டும்.

ஆடி 15, சாமைக் காட்டு வரப்பு

விளைநிலத்தில் தேடுபவருக்கு அதிகம் கிடைப்பது இரும்பு: தேய்ந்த கொழு, மாட்டு லாடம், ஆணி, மண்வெட்டித் துண்டு. அடுத்தது சோடா மூடி, மாத்திரை அட்டை, பான் மசாலா உறையின் தகடு. நாணயங்கள் அபூர்வம். கிழக்கிந்தியக் கம்பெனி 1835 முதல் வெளியிட்ட ஒரே மாதிரியான காசுகளும், 1862 முதல் வந்த விக்டோரியா காசுகளும் செம்பு அல்லது வெள்ளி என்பதால் தெளிவாக ஒலிக்கும். இன்றைய ஒரு ரூபாய் காந்தத்தில் ஒட்டும் துருப்பிடிக்காத எஃகு. கருவி அதை ஆணியோடு சேர்த்துவிடும். தங்க மோதிரத்துக்கும் அலுமினியத் தகட்டுக்கும் ஏறத்தாழ ஒரே ஒலி. ஆகவே மோதிரம் வேண்டும் என்பவர் குப்பையையும் தோண்டித்தான் ஆக வேண்டும்.

நிலம் பிறருடையது. உழவரின் அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. சாமை, கேழ்வரகு, மரவள்ளி நிற்கும் காட்டில் சுருளை வீசவே முடியாது. மிளகுக் கொடியும் காப்பிச் செடியும் உள்ள தோட்டத்தில் ஒரு குழிகூட வேருக்குக் கேடு. காட்டுப் பகுதியோ வனத்துறையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அனுமதியின்றித் தோண்டினால் குற்றம்.

ஆடி 16, மலையூர்க் கோயிலடி

கொல்லிமலையின் தொன்மைக்கு முதல் சாட்சி கல். கொல்லிமலை, சேர்வராயன், கல்வராயன் மலைகளில் வழவழப்பாகத் தீட்டிய புதிய கற்காலக் கைக்கோடரிகள் கிடைத்துள்ளன. சில ஊர்களில் அவற்றை மரத்தடியில் பிள்ளையாரோடு வைத்து வழிபடுகிறார்கள். மெட்டல் டிடெக்டருக்குக் கல் தெரியாது. மண்பானை ஓடும், மணியும், எலும்பும், அடுப்புச் சாம்பலும் தெரியாது. கருவி ஒலித்த இடத்தில் மண்வெட்டி இறங்கும்போது இவை எல்லாம் பெயர்ந்து கலந்துவிடும்.

இரண்டாவது சாட்சி இரும்பு. அதையும் பொழுதுபோக்குத் தேடலில் முதல் வேலையாக ஒதுக்குகிறார்கள். இரும்பு ஒலிக்காதபடி அமைக்கும் பொத்தான் பெரும்பாலான கருவிகளில் உண்டு. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை இதைவிடப் பெரிய இழப்பு இல்லை. மேட்டூர் அருகே மாங்காட்டில் கிடைத்த இரும்பு வாளின் காலம் கி.மு. 1604-க்கும் 1416-க்கும் இடைப்பட்டது என்று கணிக்கப்பட்டது. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172-க்குப் போயிற்று. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கி.மு. 3345 வரை செல்லும் காலக்கணிப்பை 2025 ஜனவரி 23 அன்று தமிழக அரசு அறிவித்தது. மயிலாடும்பாறையிலும் சிவகளையிலும் இந்த ஆண்டுகளைத் தந்தது இரும்பு இல்லை. அதோடு அதே அடுக்கில் கிடந்த கரிதான். துருப்பிடித்த துண்டை மட்டும் பிடுங்கி எடுத்திருந்தால் அது காயலான் கடை இரும்பாகவே போயிருக்கும்.

ஆடி 18, பெரியகோவிலூர்

கொல்லிமலையை ஆண்ட, கடையெழு வள்ளல்களில் ஒருவரான வல்வில் ஓரியின் பெயரில் அரசு விழா நடக்கும் நாள்கள் ஆடி 17, 18. ஆடிப்பெருக்கு என்பதால் அறப்பளீஸ்வரர் கோயிலிலும் ஆகாய கங்கை அருவியிலும் கூட்டம் கூடும். இக்கோயிலின் தோற்றக் கதையே உழவில் கிடைத்த பொருளைப் பற்றியது. நிலத்தை உழுதபோது ஏர் லிங்கத்தில் பட்டு ரத்தம் கசிந்தது என்றும், அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது என்றும் சொல்வார்கள். ஏர் தட்டியதைக் கண்டவர் அதை விலைபேசி விற்கவில்லை. அது கிடந்த இடமே கோயிலாயிற்று.

ஆடி 21, கரூர்

ஓரியைக் கொன்ற மலையமான் திருமுடிக்காரி கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தான் என்கிறது சங்க இலக்கியம். கொல்லியின் பெயரைத் தாங்கிய உலோகச் சான்றும் உண்டு. ‘கொல்லிப்பொறை’ என்று தமிழ்ப் பிராமியில் பொறித்த சேரர் காசுகளைப் படித்து வெளியிட்டவர் நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி. கரூர் அமராவதி ஆற்றுப் படுகை சங்ககாலக் காசுகளுக்குப் பேர்போன இடம். கருவி எதுவும் இல்லாமல் மணலை அரித்தே அங்கு பலர் காசு எடுத்தார்கள். அவர்களால் எத்தனையோ அரிய காசுகள் உருக்கும் பட்டறைக்குப் போகாமல் தப்பின. ஆனால் ஆற்றில் அரித்தெடுத்த காசுக்கு மண்ணடுக்கு கிடையாது. கூடக் கிடந்தது இன்னதென்று சொல்ல ஆளில்லை. அதனால் எழுத்தின் வடிவத்தைக் கொண்டே காலத்தை ஊகிக்க வேண்டியிருக்கிறது. அதே காசு அகழ்வுக் குழியில் ஒரு பானையோடு கிடைத்திருந்தால் சேரர் வரலாற்றில் பல கேள்விகளுக்கு விடை கிடைத்திருக்கும்.

ஆடி 26, மணவாளக்குறிச்சி

கடற்கரைத் தேடல் வேறு வகை. அங்கே கிடைப்பவை பெரும்பாலும் குளிக்க வந்தவர்கள் தொலைத்த காசு, மோதிரம், சங்கிலி. தோண்டிய குழியை அலை மூடிவிடும், பயிர்ச்சேதம் இல்லை. இரண்டு தடைகள் உண்டு. உப்புநீரில் ஊறிய மணல் மின்சாரத்தைக் கடத்துவதால் கருவி அதையே உலோகம் என்று நினைக்கும். இதற்காகத் துடிப்புத் துடிப்பாக மின்சாரம் செலுத்தும் கருவிகளும், ஒரே சமயத்தில் பல அலைவரிசைகளில் இயங்கும் கருவிகளும் வந்துள்ளன. இரண்டாவது தடை, இல்மனைட்டும் மோனசைட்டும் கலந்த கருமணல். மணவாளக்குறிச்சிக் கரையில் அது ஏராளம். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் அலை மேல்மணலை அரித்துச் செல்ல, கனமான பொருள்கள் அடியில் தங்கும் என்பதால் அனுபவசாலிகள் அதற்குப் பிறகே கரைக்குப் போவார்கள்.

கிடைத்தது கண்டவருக்குச் சொந்தமாகிவிடாது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி, பிறர் தொலைத்த பொருளைக் கண்டெடுத்து வைத்துக்கொள்பவர் அதன் காப்பாளர் மட்டுமே. உரியவர் பரிசு அறிவித்திருந்தால் அதைக் கேட்கும் உரிமை கண்டெடுத்தவருக்கு உண்டு. மோதிரத்தை நேர்மையின்றித் தனதாக்கிக்கொண்டால் பாரதிய நியாய சன்ஹிதா 314-ஆம் பிரிவின்படி தண்டனை.

ஆடி 29, நாமக்கல்

மண்ணில் புதைந்த பழம்பொருளுக்கு 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் பொருந்தும். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் எதையும் கண்டவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவித்து, அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்கவோ பிணை கொடுக்கவோ வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை, பங்கும் போய்விடும். உரிமையாளர் இல்லாத புதையல் என்று முடிவானால், வேறு உடன்பாடு இல்லாதபோது கண்டவருக்கு முக்கால் பங்கு, நில உரிமையாளருக்குக் கால் பங்கு. அரசே எடுத்துக்கொள்ள விரும்பினால் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தரும். ‘பத்து ரூபாய்’ என்ற வரம்பு இன்று எல்லாப் பொருளையும் உள்ளடக்கிவிடுகிறது. அது நல்லதே. 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயிலில் தோண்டியபோது வெளிப்பட்ட 505 பொற்காசுகளும் அதிகாரிகள் முன்னிலையில் எண்ணப்பட்டுக் கருவூலத்துக்குப் போயின.

1992-இல் இங்கிலாந்தின் ஹாக்ஸ்னி ஊரில் எரிக் லாஸ் என்பவர், நண்பரான உழவர் தொலைத்த சுத்தியலைத் தேடப் போய் ரோமானியப் புதையலைக் கண்டார். முழுவதையும் அள்ளாமல் நிறுத்தி, தகவல் கொடுத்தார். தொல்லியலாளர்கள் மறுநாளே வந்து முறைப்படி தோண்டினர். ஏறத்தாழ 15,000 காசுகள், அவை இருந்த மரப்பெட்டியின் சுவட்டோடு கிடைத்தன. அங்கே 1997 முதல் இத்தகைய சிறு கண்டெடுப்புகளைப் பதிவுசெய்ய அலுவலர்கள் இருக்கிறார்கள். இங்கே அந்த ஏற்பாடு இல்லாத நிலையில், கொல்லிமலை விளைநிலத்தில் புதைபொருள் தேடும் பொழுதுபோக்கு வேண்டாம் என்பதே சரி. தொலைந்த தாலியையோ மோதிரத்தையோ மேல்மண்ணில் தேடித் தருவதற்குக் கருவி பயன்படட்டும். அதற்கு மேல் தொல்லியல் துறையின் வேலை.

உழும்போது கொழுவில் ஏதாவது தட்டினால் உழவர் செய்ய வேண்டியது சிறிதே. பொருளை எடுக்கவோ கழுவவோ புளி போட்டுத் துலக்கவோ கூடாது. அந்த இடத்தில் உழவை நிறுத்தி, கிடந்தபடியே செல்போனில் ஒரு படம் எடுத்து, நான்கு கல் நட்டு அடையாளம் வைத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி, நாமக்கல் ஆட்சியருக்கு எழுதிக் கொடுங்கள்.