கொட்டப்பட்டும் கோபன்ஹேகனும்

காந்தி மார்க்கெட்டில் வெங்காயம் வாங்க யாரும் பாஸ்போர்ட் கேட்பதில்லை. கையில காசு இருக்கா, பை இருக்கா, அவ்வளவுதான். ஆனால் சாயங்கால நேரத்தில் மார்க்கெட்டுக்குள் கொஞ்சம் காதைத் தீட்டிக்கொண்டு நடந்தால் ஒரு வித்தியாசம் பிடிபடும். பீன்ஸைக் காட்டி "போஞ்சி என்ன விலை?" என்று கேட்கும் பாட்டிகள் உண்டு. கடைக்காரருக்குப் புரிந்துவிடும், பல வருஷப் பழக்கம். கூட வரும் பேத்தியோ "பீன்ஸ் கால் கிலோ போடுங்கண்ணே" என்பாள், அச்சு அசல் திருச்சித் தமிழில். பாட்டி பிறந்தது இலங்கையில். பேத்தி பிறந்தது இங்கே. இருவரும் பஸ் ஏறிப் போவது ஏர்போர்ட் பக்கம், கொட்டப்பட்டு முகாமுக்கு. சட்டத்தின் கண்ணில் இரண்டு பேருமே வெளிநாட்டவர்.

இந்த ஊரில் இருக்கிறவர்களில் பாதிப் பேருக்கு இப்படி ஒரு முகாம் இருப்பதே தெரியாது. துவாக்குடி பக்கம் வாழவந்தான்கோட்டையில் இன்னொன்று இருப்பது அதைவிடக் குறைவான பேருக்குத்தான் தெரியும். (மத்திய சிறை வளாகத்தில் இருக்கும் 'சிறப்பு முகாம்' வேறு சமாச்சாரம். அது வழக்குகளில் சிக்கிய வெளிநாட்டவர்களுக்கு. பெயரில் முகாம் இருப்பதால் பலர் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.)

சரி, இதில் டென்மார்க் எங்கே வருகிறது? அங்கேதான் விஷயமே இருக்கிறது.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கைத் தமிழர்கள் இரண்டு திசைகளில் ஓடினார்கள். கையில் எதுவும் இல்லாதவர்கள் படகேறி ராமேஸ்வரம் வந்தார்கள். கொஞ்சம் நிலம் நகை இருந்து அதை விற்க முடிந்தவர்கள், ஏஜெண்டுக்குப் பணம் கட்டி ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் போனார்கள். சுவிட்சர்லாந்து, நார்வே, டென்மார்க் என்று அதுவரை யாழ்ப்பாணத்தில் பூகோளப் பாடத்தில் மட்டும் இருந்த தேசங்கள். ஒரே தெருவில் இருந்த இரண்டு குடும்பங்களில் ஒன்று மண்டபத்திலும் மற்றொன்று கோபன்ஹேகனிலும் இறங்கியது. நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒரே ஜனங்களை இரண்டு அரசாங்கங்கள் எப்படி நடத்தின என்று ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

டென்மார்க் ரொம்பச் சின்ன நாடு. மக்கள்தொகை சுமார் 60 லட்சம். 2011 கணக்குப்படி திருச்சி மாவட்டத்திலேயே 27 லட்சம் பேர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஐ.நா.வின் 1951-ஆம் வருஷத்து அகதிகள் ஒப்பந்தத்தை முதன்முதலில் உறுதிசெய்த நாடு அதுதான். 1983-ல், இங்கே படகுகள் வர ஆரம்பித்த அதே வருஷம், ஐரோப்பாவிலேயே தாராளமானது என்று சொல்லப்பட்ட ஒரு வெளிநாட்டவர் சட்டத்தை அவர்கள் கொண்டுவந்தார்கள். அகதி என்று ஏற்றுக்கொண்டால் மனைவி, பிள்ளைகளை வரவழைத்துக்கொள்வது சட்டப்படியான உரிமை.

அப்புறம்தான் கூத்து. 1987-ல் எரிக் நின்-ஹன்சன் என்கிற நீதித்துறை அமைச்சர், தமிழ் அகதிகளின் குடும்பத்தார் கொடுத்த விண்ணப்பங்களைக் கிடப்பில் போடச் சொன்னார். சட்டத்தை மாற்றவில்லை. நாடாளுமன்றத்தில் கேட்கவில்லை. ஃபைலை அடியில் தள்ளிவிடுங்கள், அவ்வளவுதான். (நம்மூர் தாலுக்கா ஆபீஸ் பார்த்தவர்களுக்கு இது ஒன்றும் அதிசயமாக இருக்காது.) இலங்கையில் பெண்டாட்டி பிள்ளைகள் குண்டு மழைக்கு நடுவே, அங்கே புருஷன் தபாலுக்குக் காத்துக்கொண்டு.

ஆனால் பாருங்கள், விவகாரம் வெளியே வந்தது. விசாரணை நடந்தது. 1993 ஜனவரியில் அறிக்கை வந்ததும் பிரதமர் பவுல் ஷ்லூட்டர் ராஜினாமா செய்தார். ஒரு அரசாங்கமே கவிழ்ந்தது! 1910-க்குப் பிறகு கூடவே கூடாத ஒரு தனி நீதிமன்றம் கூடி, 1995-ல் நின்-ஹன்சனுக்கு நான்கு மாதச் சிறைத் தண்டனை விதித்தது. தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது, ஜெயிலுக்குப் போகவில்லை, ஆனாலும் தீர்ப்பு தீர்ப்புதான். டேனிஷ் பாடப்புத்தகங்களில் இதற்குப் பெயரே 'தமிழர் வழக்கு'. நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்? சில ஆயிரம் மைலுக்கு அப்பால், தமிழர்களின் மனைவி மக்களைத் தடுத்ததற்காக ஒரு வெள்ளைக்கார அமைச்சர் குற்றவாளி ஆனார்.

உடனே டென்மார்க்கைத் தலையில் தூக்கிவைத்து ஆட வேண்டாம். அடுத்த இருபத்தைந்து வருஷத்தில் அந்த நாடு போன பாதை வேறு. 2002-ல் புதிதாக வந்தவர்களுக்கு உதவித்தொகையைக் குறைத்தார்கள். 2012-ல் அதை எடுத்துவிட்டு, 2015-ல் வேறு பெயரில் திரும்பக் கொண்டுவந்தார்கள். அப்போது தனி ஆளுக்கு மாதம் 5,945 குரோனர், அதே நிலைமையில் இருக்கும் டென்மார்க்காரருக்கோ 10,849. 2016-ல் அகதிகளிடம் 10,000 குரோனருக்கு மேல் இருக்கும் பணத்தையும் விலை உயர்ந்த பொருட்களையும் பறிமுதல் செய்யலாம் என்று ஒரு சட்டம். 2018-ல் 'கெட்டோ' சட்டம். அதாவது, அரசு பட்டியல் போட்ட குடியிருப்புகளில் இருந்தால் ஒரு வயதுக் குழந்தையை வாரம் 25 மணி நேரம் அரசு சொல்லும் காப்பகத்துக்கு அனுப்ப வேண்டும், டேனிஷ் பழக்கவழக்கம் கற்றுக்கொள்ள. மறுத்தால் குழந்தைக்கான உதவிப்பணம் நின்றுபோகும். இதெல்லாம் வலதுசாரிக் கட்சிகள் மட்டும் செய்தது என்று நினைக்காதீர்கள். 2019-ல் பிரதமரான மெத்தே ஃபிரெடரிக்சனின் சோஷியல் டெமாக்ரட் கட்சியும் அதே வழிதான். அவர்களுடைய வாதம், இலவச ஆஸ்பத்திரி, இலவசக் காலேஜ், வேலை போனால் சம்பளம் என்று வரிப்பணத்தில் ஓடும் ஒரு வீட்டில் கதவை முழுசாகத் திறந்து வைக்க முடியாது. திறந்தால் அடி வாங்குவது பணக்காரன் இல்லை, கூலித் தொழிலாளிதான். இதை இனவாதம் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் ஒரு வயதுக் குழந்தைக்கு வருகைப் பதிவேடு போடுவதை இந்த வாதத்தால் நியாயப்படுத்தவும் முடியாது.

இப்போது மறுபடி நம்ம ஊர்.

இந்தியா 1951 ஒப்பந்தத்தில் கையெழுத்தே போடவில்லை. அகதி என்ற சொல்லுக்கு நம் சட்டத்தில் இடமே கிடையாது. 1946-ஆம் வருஷத்து வெளிநாட்டவர் சட்டம் ஒன்று இருந்தது, வெள்ளைக்காரன் போட்டது. அதன்படி எல்லாரும் 'வெளிநாட்டவர்'. 2003-ல் குடியுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது 'சட்டவிரோதக் குடியேறி' என்று இன்னொரு முத்திரையும் சேர்ந்தது. அப்படி முத்திரை விழுந்தவர் எத்தனை வருஷம் இங்கே இருந்தாலும் குடியுரிமைக்கு மனுப்போட முடியாது. 2019 திருத்தம் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வங்கதேசம் மூன்றிலிருந்து வந்தவர்களுக்குக் கதவைத் திறந்தது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை.

ஆனால் தமிழ்நாடு அரசு? அது கொடுத்தது. ஒப்பந்தம் இல்லாமல், சட்டம் இல்லாமல், 1983-லிருந்து கொடுத்துக்கொண்டே இருக்கிறது. இடம் கொடுத்தது, ரேஷன் கொடுத்தது. முகாமில் இருப்பவர்கள் இன்றைக்கும் பேசும் 57 பைசா அரிசி அப்படி வந்ததுதான். 2006-ல் குடும்பத் தலைவருக்கு மாதம் 400 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 288. 2011-ல் அது 1,000, 750 ஆனது. 2021 ஆகஸ்டில் மு.க.ஸ்டாலின் அரசு 317 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தபோது 1,500, 1,000, குழந்தைக்கு 500 என்று உயர்ந்தது. இடிந்து கிடந்த 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதாகவும் அதில் இருந்தது. 'அகதிகள் முகாம்' என்ற பெயரும் போய் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' ஆனது. (வேடிக்கை என்னவென்றால் ஒரு வருஷத்துக்கு முன்புதான், 2020-ல், டென்மார்க் அகதிகளுக்கான உதவித்தொகையின் பெயரில் 'திரும்பிப் போதல்' என்ற வார்த்தையைச் சேர்த்தது. இரண்டு இடத்திலும் பெயர்ப்பலகை மாறியது, எதிரெதிர்த் திசையில்.)

கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் 3,500 ரூபாய். நாளைக்கு 116 ரூபாய் சொச்சம். காந்தி மார்க்கெட்டில் சின்ன வெங்காயம் கிலோ நூறைத் தாண்டுகிற மாதங்களில் இது என்னத்துக்கு ஆகும் என்று திருச்சிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதனால் முகாமில் இருப்பவர்கள் எல்லாரும் கூலி வேலைக்குப் போகிறார்கள். பெயிண்ட் அடிப்பது, கொத்து வேலை, கடைகளில் எடுபிடி. டிகிரி முடித்த பிள்ளைகளும் இதில் உண்டு. கம்பெனி இண்டர்வியூவில் எல்லாம் சரியாகப் போய், கடைசியில் அடையாள ஆவணம் என்ற இடத்தில் வந்து நின்றுவிடும். பாஸ்போர்ட் இல்லை, அரசு வேலைக்கு வழியில்லை, சொந்தப் பெயரில் நிலம் வாங்க முடியாது. வெளியூர் போனாலும் செக்கிங் நாளில் முகாமில் ஆஜராக வேண்டும், இல்லாவிட்டால் பதிவுக்கே ஆபத்து.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இதன் விசித்திரம் தெரிகிறது. டென்மார்க் கேள்வி மேல் கேள்வி கேட்கிறது. மொழி படித்தாயா, பரீட்சை எழுதினாயா, வேலை பார்த்தாயா, குழந்தையைக் காப்பகத்துக்கு அனுப்பினாயா... தொந்தரவுதான். ஆனால் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி முடித்தால் கடைசியில் ஒரு பாஸ்போர்ட் இருக்கிறது. எண்பதுகளில் போன தமிழர்களின் பிள்ளைகள் அங்கே இன்று டாக்டர், இன்ஜினியர், வோட்டர். ஹெர்னிங்கில் பிள்ளையார் கோயில், பிராண்டேயில் அபிராமி அம்மன் கோயில் என்று ஊன்றிவிட்டார்கள். தமிழ்நாடோ ஒரு கேள்வியும் கேட்பதில்லை. மொழி தெரியுமா என்று கேட்கத் தேவையே இல்லையே! ஆனால் வரிசையின் கடைசியில் எதுவும் இல்லை, அடுத்த மாத உதவித்தொகையைத் தவிர. குடியுரிமை கொடுக்கும் அதிகாரம் டெல்லியில், சோறு போடும் பொறுப்பு சென்னையில். கொடுக்கிற கைக்கு அதிகாரம் இல்லை, அதிகாரம் இருக்கிற கைக்கு அவசரம் இல்லை.

இன்னொன்று. அங்கே நின்-ஹன்சன் மாட்டியது ஏன்? குடும்பத்தை வரவழைக்கும் உரிமை சட்டத்தில் எழுதியிருந்தது, அவர் அதை மீறினார். 2021-லும் இங்கர் ஸ்டோய்பெர்க் என்ற முன்னாள் அமைச்சருக்கு அதே நீதிமன்றம் 60 நாள் சிறைத் தண்டனை கொடுத்தது. அகதிகளாக வந்த இளம் தம்பதிகளைச் சட்டவிரோதமாகப் பிரித்து வைத்ததற்கு. இங்கே மீறுவதற்கு ஒரு சட்டம் வேண்டுமே? எழுதப்படாத உரிமையை எந்த அமைச்சர் மீறினார் என்று யார் மேல் வழக்குப் போடுவது? 2025 மே மாதம் ஒரு இலங்கைத் தமிழரின் மனுவை விசாரித்த உச்ச நீதிமன்ற அமர்வு, இந்தியா ஒன்றும் தர்மசத்திரம் அல்ல என்று சொன்னது. சத்திரத்தில் மூன்று நாள் தங்கலாம். நாற்பது வருஷம் வரி கட்டி (சோப்பு வாங்கினாலும் வரிதானே), இங்கேயே பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைக்கும் கல்யாணம் செய்து வைத்தவரைச் சத்திரத்து ஆள் என்று சொல்வது பொருத்தமாக இல்லை.

திரும்பிப் போகச் சொல்லலாமே என்பவர்களும் உண்டு. 1995 வரை சுமார் 99,000 பேரை அரசு திருப்பி அனுப்பியது. 2009-ல் போர் முடிந்த பிறகும் சிலர் தாங்களாகப் போனார்கள். ஆனால் 2021 கணக்கில் முகாம்களில் இன்னமும் 58,000 பேருக்கு மேல் இருந்தார்கள். மலையகத்திலிருந்து வந்தவர்களின் கதை இன்னும் சிக்கல். அவர்களுடைய தாத்தாக்கள் இந்தத் திருச்சி, புதுக்கோட்டை, ராமநாதபுரம் சீமைகளிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்கள். 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை எடுத்துக்கொள்வதாக இந்தியா எழுதிக் கொடுத்திருக்கிறது. அந்த வம்சாவளியில் வந்தவர்களும் முகாமில் இருக்கிறார்கள். அவர்களை 'திரும்பிப் போ' என்றால் எங்கே திரும்புவது?

சின்னச் சின்ன மாற்றங்கள் வந்திருக்கின்றன. 2025 செப்டம்பரில் பழைய வெளிநாட்டவர் சட்டம் போய்ப் புதுச் சட்டம் வந்தபோது, 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட் விசா இல்லாததற்கான தண்டனைகளிலிருந்து விலக்குக் கொடுத்தார்கள். பிடித்து உள்ளே போடமாட்டோம் என்கிற வரைக்கும் வந்திருக்கிறது. குடியுரிமை பற்றி அதில் பேச்சில்லை.

2024 ஏப்ரல் 19-ஆம் தேதி நாடாளுமன்றத் தேர்தலில், கொட்டப்பட்டு முகாமிலிருந்து ஒரு பெண் முதன்முறையாக ஓட்டுப் போட்டது செய்தி ஆனது. அவர் 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்தவர். 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்த யாரும் பிறப்பாலேயே இந்தியர் என்கிறது சட்டம், அப்பா அம்மா யாராக இருந்தாலும். இதைக் காட்டித்தான் 2022-ல் மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் பாஸ்போர்ட் உத்தரவு வாங்கினார். யாரும் அவருக்குக் குடியுரிமை கொடுக்கவில்லை. முப்பத்தைந்து வருஷமாக இருந்த ஒன்றை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார்கள்.

அந்தத் தேதிக்கு மறுநாள் அதே முகாமில் பிறந்த குழந்தைக்கு, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பருக்குப் பிறகு பிறந்தால் இன்னும் கஷ்டம். அம்மா ஓட்டுப் போடும் இந்தியராகவே இருந்தாலும், அப்பாவின் ஃபைலில் 'சட்டவிரோதக் குடியேறி' என்று இருந்தால் குழந்தை இந்தியர் ஆகாது. மார்க்கெட்டில் திருச்சித் தமிழில் பீன்ஸ் கேட்கும் பேத்திகள் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் வருகிறார்கள்.