சாவி அவரவர் பையில்

வெடிமருந்தைத் தூரத்திலிருந்து வெடிக்க வைக்கும் எக்ஸ்ப்ளோடரின் கைப்பிடி கழற்றி மாட்டக்கூடியது. சார்ஜ் வைத்த இடத்துக்குப் போகிறவன் அந்தக் கைப்பிடியைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டுதான் போவான். அவன் திரும்பி வரும்வரை வேறு யாராலும் வெடிக்க வைக்க முடியாது. ராணுவப் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸில் எங்களுக்கு வெடி வேலை கற்றுத்தந்த சுபேதார் சாப் வேறு எதைப் பொறுத்தாலும் இதில் பிசகினால் பொறுக்க மாட்டார். கைப்பிடியைக் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டுப் போனாலும் குற்றம்தான். எவ்வளவு நம்பகமான கூட்டாளி என்பது அங்கே பேச்சே இல்லை.

ஓய்வுக்குப் பிறகு ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் சேஃப்டி பிரிவுக்கு வந்தேன். அதே விதி அங்கே பூட்டாக இருந்தது. மிக்ஸருக்குள் பிளேடு மாற்ற வேண்டுமென்றால், பேனல் ரூமில் பிரேக்கரை அணைத்து, வேலை செய்கிற ஃபிட்டர் தன் பூட்டைப் போட்டு, பேர் எழுதிய டேக்கை மாட்டி, சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் இறங்கினால் நாலு பூட்டு. பிறகு ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பார்க்க வேண்டும். சுற்றவில்லை என்று கண்ணால் கண்ட பிறகே உள்ளே கை போகலாம். மின்சாரத்தை நிறுத்தினால் போதாது. லைனில் நிற்கும் பிரஷர், தூக்கி நிறுத்திய பாரம், இழுத்து வைத்த ஸ்பிரிங் எல்லாவற்றையும் இறக்க வேண்டும். பூட்டுக்காரர் ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போய்விட்டால் உடனே கட்டரைத் தேடாதீர்கள். அவருக்கு போன் போட்டு, அவர் உள்ளே இல்லை என்று உறுதி செய்து, மேலதிகாரியின் கையெழுத்தையும் வாங்கிய பிறகுதான் பூட்டை அறுக்க வேண்டும்.

இதுவரை பட்டாளத்துக்காரனுக்குக் கஷ்டமில்லை. டிரில் நமக்குப் பழகியது. கஷ்டம் இதற்குப் பிறகுதான்.

ஒரு ஃபிட்டர் டீ நேரத்தில் தன் சாவியை ஹெல்பரிடம் கொடுத்து பேனல் ரூமுக்கு அனுப்பினார். நல்ல வேலைக்காரர், அனுபவசாலி. முகாமாக இருந்தால் எல்லார் முன்னாலும் நிறுத்திக் கேட்டிருப்பார்கள். எங்கள் பழைய சேஃப்டி ஆபீசர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "வாங்கண்ணே, பேனல் ரூமுக்கு ஒரு தடவை நடந்துட்டு வருவோம்" என்று அழைத்துப் போனார். நானும் கூடப் போனேன். இரண்டு மாடி இறங்கி, யார்டைச் சுற்றி, மறுபடி ஏற வேண்டும். அண்ணனுக்கு முழங்கால் வலி. மூன்றாவது படியிலேயே அது தெரிந்துவிட்டது. அந்த மாதமே மிக்ஸர் பக்கத்தில் பூட்டு போடக்கூடிய ஐசொலேட்டர் ஒன்று வைத்தோம். அதன் பிறகு சாவி கைமாறவில்லை. விதியை மீறுகிறவரைப் பார்த்தால், அவர் எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கிறது என்று முதலில் நடந்து பாருங்கள்.

அந்தப் பழைய சேஃப்டி ஆபீசரின் கையைத்தான் நான் அதிகம் பார்த்தேன். கழிவுநீர் சம்ப்பில் ஆள் இறங்கும் முன் கேஸ் மீட்டரை வெளிக்காற்றில் வைத்து சீரோ செய்வார். சாம்பிள் டியூபை மேல்மட்டம், நடுமட்டம், அடிமட்டம் என்று மெதுவாக விடுவார். ஒவ்வொரு மட்டத்திலும் பம்ப் காற்றை இழுத்து மேலே கொண்டுவரும்வரை காத்திருப்பார். புதிதாக வருகிற பையன்கள் வாய்ப்பக்கம் மட்டும் மீட்டரைக் காட்டிவிட்டு "ஓகே சார்" என்பார்கள். மீத்தேன் மேலே நிற்கும், ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடக் கனமானது, அடியில் கிடக்கும். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையக்கூடாது, 23.5-ஐத் தாண்டவும் கூடாது. இறங்கும் முன் எண் சரியாக இருந்தாலும், அடிச் சேற்றைக் கிளறினால் கேஸ் புதிதாகக் கிளம்பும்; அதனால் வேலை முடியும்வரை மீட்டர் ஓட வேண்டும். மூக்கை நம்பாதீர்கள். அழுகின முட்டை வாடை சட்டென்று நின்றுபோனால் கேஸ் போய்விட்டது என்று அர்த்தமில்லை. அளவு கூடினால் மூக்கு மரத்துப்போகும்.

இந்த இடத்தில் பட்டாளத்துக்காரன் தன்னையே கட்டிப்போட வேண்டும். கூட இருப்பவன் விழுந்தால் பாய்ந்து போய்த் தூக்குவது நம் ரத்தத்தில் ஊறியது. சம்ப்பில் அப்படிப் பாய்ந்தவர்கள்தான் வரிசையாகச் செத்திருக்கிறார்கள். மூடிய இடத்து மரணங்களில் 60 சதவீதத்துக்கு மேல் மீட்கப் போனவர்கள் என்று அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயாஷ் (NIOSH) 1986-இலேயே எச்சரித்தது. இறங்குகிறவர் ஹார்னஸோடும் கயிறோடும் இறங்க வேண்டும். கயிற்றின் மறுமுனை டிரைபாட் வின்ச்சில் இருக்க வேண்டும். வெளியே காவல் நிற்கும் ஆளான ஹோல் வாட்ச் வின்ச்சைச் சுற்றியே அவரை மேலே கொண்டுவர வேண்டும், தான் இறங்கக்கூடாது. ஹோல் வாட்சை வேறு வேலைக்கு ஒரு நிமிஷம்கூட அனுப்பாதீர்கள்.

காலையில் வேலை தொடங்கும் முன் பேசும் டூல் பாக்ஸ் டாக்கில் "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். எனவே கேட்பதில்லை. ஹார்னஸைப் போட்டுக் காட்டச் சொல்வேன். முதுகு டி-ரிங் தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில் இருக்கிறதா, தொடைப்பட்டைக்குள் விரல் நீட்டிய கை மட்டும் நுழைகிறதா என்று பார்ப்பேன். பட்டையை வளைத்து விரலால் தடவினால், கண்ணுக்குத் தெரியாத வெட்டும் வெல்டிங் பொறி பட்ட இடமும் அகப்படும். ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்த கான்ட்ராக்ட் பையன்களிடம் நாம் பேசும் பட்டாள இந்தி இங்கே பெரிய சொத்து. தமிழில் ஒட்டிய போர்டுக்கு அடியில் நிற்கும் பையனுக்கு அவனுக்குப் புரிகிற பேச்சில் சொல்ல ஆள் வேண்டும்.

இனி இந்த வேலைக்கு வேண்டிய படிப்பு விஷயம். 1948-ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 40-பி பிரிவு 1000 தொழிலாளர் இருந்தால் சேஃப்டி ஆபீசர் வேண்டும் என்றது. 2020-ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அதை 500 ஆக்கியது, அபாயத் தொழில்களுக்கு 250. அந்தப் பதவிக்குப் பொறியியல் அல்லது அறிவியல் படிப்பும், அனுபவமும், அதன்மேல் சேஃப்டி டிப்ளமோவும் கேட்பார்கள். தரமணியில் உள்ள மண்டலத் தொழிலாளர் நிறுவனத்தில் டிப்ளமோ இருக்கிறது. சர்வீஸ் முடியும் காலத்தில் படைவீரர்களுக்காக மறுவாழ்வு இயக்ககம் நடத்தும் பயிற்சிகளையும் விட்டுவிடாதீர்கள். படிப்பு குறைவு என்றால் சேஃப்டி சூப்பர்வைசராக நுழையுங்கள், அதில் தாழ்வில்லை.

சேர்ந்த முதல் வாரம் மேசை கேட்காதீர்கள். பைப்லைன் வரைபடத்தை வாங்கிக்கொண்டு, ரெக்கி போவதைப் போல ஒவ்வொரு லைனையும் டாங்கிலிருந்து வடிகால்வரை காலால் நடந்து பாருங்கள், நைட் ஷிஃப்டிலும் ஒருமுறை. வரைபடத்தில் இல்லாத வால்வு ஒன்றாவது கண்ணில் படும். அதை யார் வைத்தார் என்று விசாரித்து, அந்த வெல்டரைத் தேடிப் போய், எதற்காக வைக்க நேர்ந்தது என்று கேளுங்கள்.