நோன்பு திறக்கும் வேளையில் கிறிஸ்துமஸ்

சூளையில் தீ வைத்துவிட்டால் நல்ல நாள், ஞாயிற்றுக்கிழமை எதுவும் கிடையாது. விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் அப்பா வேலை பார்த்த சின்ன கம்பெனியில் ஃபியூஸ் கேரியரும் இன்சுலேட்டரும் செய்தார்கள். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் வெள்ளைக் களிமண் வரும். அதைக் குழைத்து, அச்சில் அழுத்தி, காயவைத்து, கிளேஸில் முக்கி அடுக்கிவிட்டால் பிறகு சூளை வைத்ததுதான் சட்டம். சூடு 1,200 டிகிரி பக்கம் போகும். ஏற்றுவதும் மெதுவாக, இறக்குவதும் மெதுவாக. அவசரப்பட்டால் சரக்கு விரிசல் விட்டுவிடும். அதனால் டிசம்பர் பிறந்ததும் அம்மா முதலில் கேட்பது புதுத்துணியைப் பற்றி அல்ல. "இருபத்தஞ்சாம் தேதி சூளை எரியுதாங்க?" என்றுதான்.

எரிகிறது என்றால், காலண்டர் தாளின் பின்பக்கம் அம்மா எழுதும் சமையல் பட்டியலில் முதல் வரி சூளைக்குப் போகிற சோறு. அது பிரியாணியாக இருக்க முடியாது. கார்த்திகை முதல் தேதி மாலை போட்டவர்களுக்கு மண்டல பூஜை முடிவதே டிசம்பர் 26, 27 வாக்கில்தான். அப்பாவோடு சூளையடியில் நிற்பவர்களில் பாதிப் பேர் கறுப்பு வேட்டியில் இருப்பார்கள். ஆகவே சாம்பார் சாதம், உருளைக்கிழங்குப் பொரியல், மசால் வடை, சேமியா பாயசம். கறி வீட்டுக்குள் வருவதற்கு முன்பே இவை சமைந்து, தூக்கில் ஏறி, சைக்கிளில் புறப்பட்டுவிட வேண்டும். மாலை போட்டவர்களுக்கு வெங்காயமும் பூண்டும் சேர்க்கலாமா என்பதில் வீட்டுக்கு வீடு வழக்கம் மாறும் என்பதால், கேட்டுவிட்டு வா என்று அப்பாவை அனுப்புவார். இரண்டு பேர் வேண்டாம் என்றாலும் வடையில் வெங்காயம் கிடையாது.

எதிர்வீட்டு டீச்சரம்மா வடலூர் சன்மார்க்கத்தில் வந்தவர். வள்ளலார் 1867-இல் வடலூரில் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. அந்த அடுப்பைக் கும்பிடுகிறவர் வீட்டுக்குக் கறி பட்ட பாத்திரத்தில் எப்படிக் கொடுத்தனுப்புவது? அதற்கென்று எங்கள் வீட்டில் ஆறு பீங்கான் தட்டுகள் தனியாக இருந்தன. கிளேஸ் சரியாக ஓடாமல் விளிம்பில் புள்ளி விழுந்த செகண்ட்ஸ் தட்டுகள். அவற்றில் ஒருநாளும் கறி பட்டதில்லை, முட்டை பட்டதில்லை. பரணில் துணி சுற்றிக் கிடக்கும். பொங்கலுக்கு அந்தத் தட்டுகளிலேயே டீச்சரம்மா வீட்டுச் சர்க்கரைப் பொங்கல் எங்களுக்கு வந்து சேரும்.

டீச்சரம்மாவுக்குக் கேக் கிடையாது, முட்டை இருப்பதால். அதற்கு ஈடாக அதிரசம். பச்சரிசி இடித்து, வெல்லப் பாகு பதம் பார்த்து, மாவை நாலு நாள் புளிக்கவிட்டுச் சுடுகிற அந்த அதிரசத்தை வேறெங்கும் நான் சாப்பிடவில்லை. ஒரு டின் நிறையச் சுட்டு வைப்பார் அம்மா. ஜனவரியில் கோணான்குப்பம் மாதா திருவிழா வரைக்கும் அது தாங்க வேண்டும். வீரமாமுனிவர் கட்டிய கோயில் அது. தமிழ்ப் பெண்ணாகச் சேலை கட்டி நிற்கும் அந்த மாதாவுக்குப் பெரியநாயகி என்று பெயர். எங்கள் ஊர்ப் பழமலைநாதர் கோயில் அம்மனும் பெரியநாயகிதான். திருவிழாவுக்குப் போய்வந்து எதைக் கொடுத்தாலும் டீச்சரம்மா இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

கேக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வீட்டில் ஓவன் இல்லை. அலுமினியக் குண்டானில் மணல் பரப்பி, அதற்குள் கிண்ணத்தை இறக்கி, மூடிமேல் தணல் போட்டுச் சுடுவோம். அந்த ஒரு சமையலில் மட்டும் அப்பா உட்காருவார். முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோய்ச் சூட்டைப் பார்த்து, ஒரு கரித்துண்டை எடுத்துவிடுவார், அல்லது ஒன்றைச் சேர்ப்பார். ஒருமுறைகூடக் கருகியதில்லை. உலர்ந்த பழங்களை ஆரஞ்சுச் சாற்றில் ஊறவைப்போம். ரம் சேர்த்தால் வாசனை தூக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். பக்கத்து வீட்டுப் பாயம்மா பிள்ளைகள் சாப்பிட வேண்டுமே என்று அம்மா சேர்க்கவேயில்லை.

1998, 1999, 2000 மூன்று வருடமும் கிறிஸ்துமஸ் ரம்ஜான் நோன்புக்குள் வந்தது. முதல் வருடம் அம்மாவுக்குப் பெரிய யோசனையாகப் போய்விட்டது. நள்ளிரவுப் பூசை முடிந்து வந்து, விடிந்ததும் இட்லி, கறிக்குழம்பு. மதியம் பிரியாணி. அதுதான் காலம்காலமாக வழக்கம். பாயம்மா வீடு பட்டினியாக இருக்கும்போது நடுப்பகலில் சுவருக்கு இந்தப் பக்கம் பிரியாணி தம் போடுவதா? "நீங்க பண்ணுங்கக்கா, எங்களுக்கு என்ன" என்று பாயம்மா சொல்லிப் பார்த்தார். அம்மா கேட்கவில்லை. விருந்தை ராத்திரிக்கு மாற்றிவிட்டார். மதியம் எங்களுக்கு ரசமும் அப்பளமும். கிறிஸ்துமஸ் அன்று ரசம் சோறா என்று நான் அழுதேன்.

மார்கழியில் எங்கள் ஊரில் ஆறு மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். பாங்கு சொன்னதும் அவர்கள் வீட்டு நோன்புக் கஞ்சி முதலில் இங்கே வரும். அவர்கள் தொழுதுவிட்டு வருவதற்குள் எங்கள் வீட்டில் பாய் விரித்து இலை போட்டாகிவிடும். பாய் கடையில் முதல் நாளே சொல்லி வாங்கிய ஆட்டுக்கறியில் சீரகச் சம்பா பிரியாணி. எலும்பும் சுரைக்காயும் கத்தரிக்காயும் போட்ட தால்ச்சா. தயிர் வெங்காயம். உடைத்த முந்திரியை அரைத்து விட்ட கோழிக் குழம்பு. முந்திரிக்கு எங்கள் ஊரில் பஞ்சம் கிடையாது. வி.ஆர்.ஐ-3 என்ற முந்திரி ரகமே எங்கள் ஊர் மண்டல ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்ததுதான். முழுப் பருப்பு வெளியூருக்குப் போகும், உடைசல் எங்கள் குழம்புக்கு வரும். மூன்று குடும்பம் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்து சாப்பிட்டோம். டீச்சரம்மா ஓரமாக அவருடைய தட்டில் வடை, பாயசத்தோடு. அந்த மூன்று ராத்திரிகளைப்போல ஒரு கிறிஸ்துமஸ் எனக்கு அதன்பிறகு வாய்க்கவில்லை.

மறுநாள் பட்டியலில் எப்போதும் கடலூர் மீன். 2004 டிசம்பர் 26 காலை கடல் உள்ளே வந்தது. அதற்குப் பிறகு அந்த வரியை அம்மா எழுதவேயில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் மாவட்டத்து முந்திரித் தோப்புகளையும் பலாவையும் வேரோடு சாய்த்தபோது நான் சென்னைக்கு வந்துவிட்டிருந்தேன். "குழம்புக்குத் தேங்காய்தான் இனிமே" என்று அம்மா போனில் சொன்னார்.

இப்போது அப்பா இல்லை. வாடகை வீட்டைக் காலி செய்து அம்மாவை இங்கே அழைத்து வந்துவிட்டேன். பீங்கான் தட்டுகளை டீச்சரம்மா மகளிடம் கொடுத்துவிட்டு வந்தோம். இந்தக் கிறிஸ்துமஸுக்கு என்ன சமைக்கலாம் என்று அம்மாவிடம் கேட்டேன்.

"யாரு யாரு வராங்க?"

"நாம நாலு பேர்தாம்மா."

"அப்ப எது வேணா பண்ணு" என்று சொல்லிவிட்டுக் கீரையை ஆய்ந்துகொண்டிருந்தார்.

எது வேண்டுமானாலும் பண்ணலாம். மட்டன், வாத்து, இறால், எல்லாம் அரைமணி நேரத்தில் வாசலுக்கு வந்துவிடும். ஆனால் தாளில் எழுத உட்கார்ந்தால் கை ஓடமாட்டேன் என்கிறது. எங்கள் அடுக்ககத்தில் யார் மாலை போட்டிருக்கிறார்கள், யார் முட்டை தொடமாட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. லிஃப்டில் பார்த்துச் சிரிப்பதோடு சரி.

பிறைக்கணக்கில் ஆண்டு பத்துப் பதினொரு நாள் குறைவு. ரம்ஜான் முன்னால் நகர்ந்து நகர்ந்து, 2031-லும் 2032-லும் கிறிஸ்துமஸ் மறுபடி நோன்புக்குள் வருகிறது. கணக்குப் போட்டு அம்மாவிடம் சொன்னேன். கீரையைக் கீழே வைத்துவிட்டு, மூன்றாவது மாடியில் தொப்பி போட்ட ஒரு பையனைப் பார்த்தேனே, அவன் எந்த வீடு என்று கேட்டார்.