அப்பா... வண்டி ஓடிட்டுதான் இருக்கு!

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்தரை மணிக்கு எங்கள் தெருவில் இடி இடிக்கும். ஆனால், மழை வராது. அப்பாதான் வருவார், தன்னுடைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டில்.

நங்கநல்லூரில் நாங்கள் குடியிருக்கும் தெரு, ஒரு தண்ணீர் லாரி நுழைந்தால் சைக்கிள்காரர்கள் காம்பவுண்டு சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய அகலம். இரண்டு பக்கமும் மூன்று மாடி ஃப்ளாட்டுகள். அந்தச் சுவரில் மோதிய சத்தம் இந்தச் சுவருக்கு வந்து, மறுபடி அங்கே போய், கடைசியில் எங்கள் சமையலறை எவர்சில்வர் டம்ளர்களில் வந்து அடங்கும். பெசன்ட் நகர் பீச்சில் காற்று வாங்கிவிட்டு அப்பா திரும்பும்போது மறு ஒலிபரப்பு உண்டு.

ஹெரால்டைப் பார்த்திராதவர்களுக்காக ஒரு வார்த்தை. 1959-ல் இங்கிலாந்தில் ட்ரையம்ப் என்ற பெயரில் வந்த கார். உருவம் கொடுத்தவர் மிச்செலோட்டி என்கிற இத்தாலிக்காரர். 1961-லிருந்து நம்ம சென்னையிலேயே ஸ்டாண்டர்ட் என்ற பெயரில் தயாரானது. பானெட்டைத் திறந்தால் முன்பக்க மட்கார்டுகளோடு சேர்ந்து மொத்த மூஞ்சியும் முன்னால் கவிழும், முதலை வாய் பிளந்த மாதிரி. எஞ்சின் 948 சி.சி.தான். இன்றைக்கு இதைவிடப் பெரிய எஞ்சினோடு மோட்டார் சைக்கிளே ஓடுகிறது.

"இது ஸ்போர்ட்ஸ் கார்டா" என்பார் அப்பா. அம்மாவோ "டப்பா" என்பாள். என்னைக் கேட்டால் இருவரும் பாதிப் பாதி சரி. 1962-ல் வந்த ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் அசல் ஸ்போர்ட்ஸ் கார். அதன் சேஸிஸ், ஹெரால்டின் சேஸிஸை நீளம் குறைத்துச் செய்ததுதான். எனவே, அப்பாவின் வாதப்படி இவர்கள் இருவரும் அண்ணன் தம்பி. தம்பி ஓட்டப்பந்தயத்துக்குப் போனான், அண்ணன் ஆபீஸுக்குப் போனான். அவ்வளவுதான் வித்தியாசம்!

அந்த அண்ணனையும் ஓட்டப்பந்தயக்காரனாக்கிப் பார்க்க அப்பாவுக்கு ஆசை வந்தது சோழவரத்தில். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த நாட்கள் அவை. இருங்காட்டுக்கோட்டையில் 1990-ல் ட்ராக் வருவதற்கு முந்தைய கதை. அங்கே கேட்ட உறுமலைக் காதிலேயே வைத்துக்கொண்டு வீடு திரும்பியவர், பழைய ஹெரால்டு ஒன்றை வாங்கி, 1981-ல் அதற்கு 'ஸ்போர்ட்ஸ் சைலன்ஸர்' ஒன்றை மாட்டினார். நான் பிறப்பதற்குப் பல வருஷம் முன்பு. அதாவது, இந்த வீட்டில் அந்த சைலன்ஸர் எனக்கு சீனியர்.

பிரச்னை போன வருஷம்தான் வெடித்தது. எதிர் ஃப்ளாட் மாமா, பாங்க்கில் ஆபீஸராக இருந்து ரிடையரானவர், அதிர்ந்து பேசாத மனுஷர், என்னைத் தெருமுனை மளிகைக் கடையில் மடக்கினார்.

"தம்பி, தப்பா நினைக்காதீங்க. பொண்ணு பிரசவத்துக்கு வந்திருக்கா. குழந்தை பிறந்து இருபத்திரண்டு நாள் ஆகுது. ராத்திரி பூரா முழிச்சுட்டு அஞ்சு மணிக்குத்தான் கண்ணை மூடறது..."

"அப்பாகிட்ட நான் சொல்றேன் சார்."

"நானே ரெண்டு தடவை சொன்னேன் தம்பி. 'ரொம்ப தேங்க்ஸ்'னு சொல்லிட்டுப் போறார்!"

அப்பாவிடம் போய்க் கேட்டேன். "எதிர்வீட்டுக்காரரா? வண்டியை நிறுத்தி நிறுத்திப் பாராட்டுறார்டா. ரசிகர்!" என்றார்.

"அப்பா, வண்டி சத்தம் ஜாஸ்தியா இருக்கு."

"என்னது?"

"சத்தம்! ஜாஸ்தி!"

"சும்மா சொல்லாதே. 81-ல எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கு."

சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்தலாம் என்று பார்த்தேன். 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120-வது விதி, எல்லா வண்டிக்கும் சைலன்ஸர் வேண்டும் என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, சத்த விஷயத்தில் விதியை மீறினால் அபராதம் 10,000 ரூபாய் வரை போகலாம், ஜெயிலும் உண்டு. அப்பா அமைதியாகக் கேட்டுவிட்டு, "எனக்குத்தான் சைலன்ஸர் இருக்கே" என்றார்.

சரி, அவருக்குத் தெரியாமல் செய்துவிடலாம் என்று இறங்கினேன். நான் பி.காம். வரவு செலவைத் தவிர வேறெந்த இயந்திரமும் எனக்கு ஓடாது. நண்பன் சொன்ன யோசனைப்படி பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நாரை நாலைந்து உருண்டையாக வால் பைப்புக்குள் திணித்தேன். அடுத்த ஞாயிறு அப்பா ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் முதல் உருண்டை பீரங்கிக் குண்டு மாதிரி கிளம்பி, பின்வீட்டு அம்மாள் போட்டுக்கொண்டிருந்த கோலத்தின் நட்டநடுவில் புகையோடு உட்கார்ந்தது. அந்த அம்மாள் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. எங்கள் அம்மாவும் ஒரு வாரம் பேசவில்லை. நார் அவளுடையது.

அடுத்து, மெயின் ரோட்டில் ஒரு வெல்டிங் கடை. வேறொரு வண்டியின் சைலன்ஸரை அரைமணி நேரத்தில் ஒட்டவைத்துத் தந்தார்கள். நின்றபடி உறுமினால் சத்தம் கொஞ்சம் குறைந்த மாதிரிதான் இருந்தது. ரோட்டில் ஐம்பது கிலோமீட்டரைத் தொட்டதும் 'ஊம்ம்ம்' என்று உள்ளே ஒரு ரீங்காரம் கிளம்பி, பல்லெல்லாம் கூசியது. மேம்பாலம் ஏறச் சொன்னால் இரண்டாவது கியரில் மூச்சு வாங்கியது. அப்பா கண்டுபிடித்துவிட்டார்! சத்தத்தை வைத்தல்ல, வேகம் போனதை வைத்து. மறுநாளே பழையதைத் திரும்ப மாட்டவைத்தார்.

கடைசியில் புதுப்பேட்டையில் ஒரு பெரியவர் கிடைத்தார். எல்லோரும் அவரை 'பாய்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். பழைய வண்டிகளின் குழாய் வேலை மட்டும்தான் செய்வார். இந்தத் தடவை அப்பாவையும் கூடவே அழைத்துப் போயிருந்தேன். பாய் அவரைக் கடைவாசல் ஸ்டூலில் உட்காரவைத்து டீ வரவழைத்துவிட்டு, வண்டியிடம் வந்தார்.

முதல் வேலையாக ஈரச் சாக்கை மடித்து ஓடுகிற வண்டியின் வால் பைப்பை இறுக்கி மூடினார். "இப்ப எஞ்சின் திணறி நிக்கணும் சார்." நிற்கவில்லை. "அப்போ வேற எங்கேயோ மூச்சு விடுது." ஒரு ரப்பர் ட்யூபின் முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையால் டாக்டர் மாதிரி துழாவினார். எஞ்சினில் மேனிஃபோல்டு ஒட்டும் இடத்தில் கேஸ்கட் போய், 'டிக் டிக் டிக்' என்று காற்று கசிந்துகொண்டிருந்தது. குழாய் இணைப்பு ஃப்ளாஞ்சில் இன்னொரு கசிவு. "வாசக்கதவைத் திறந்துபோட்டுட்டு ஜன்னலுக்குத் திரை மாட்டினா திருடன் வரமாட்டானா சார்?"

அப்புறம் பழைய சைலன்ஸரைக் கழற்றி, கட்டரால் நெடுக்கில் பிளந்து காட்டினார். உள்ளே ஒரு சல்லடைக் குழாய். அதைச் சுற்றி... காலி!

"இங்கே கிளாஸ் வுல் அடைச்சிருக்கும் சார். அதுதான் சத்தத்தைக் குடிக்கும். சூட்டுல பொடியாகி, கொஞ்சம் கொஞ்சமா பொகையோட வெளியே போயிடும். இது எப்ப மாட்டினது?"

"எண்பத்தொண்ணு."

"அப்ப, நாப்பது வருஷமா தினம் ஒரு சிட்டிகை போயிருக்கு."

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. திரும்பிப் பார்த்தேன். டீக்கடைப் பையன் "சார், கிளாஸ்... சார், கிளாஸ்..." என்று அப்பாவின் முதுகுப்பக்கம் நின்று மூன்று முறை கூப்பிட்டும் அவர் திரும்பாமல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டியின் சத்தம் வருஷத்துக்கு வருஷம் ஒரு பிடி ஏறியிருக்கிறது. அப்பாவின் காது வருஷத்துக்கு வருஷம் ஒரு பிடி இறங்கியிருக்கிறது. பற்று இந்தப் பக்கம், வரவு அந்தப் பக்கம். பேலன்ஸ் ஷீட் நாற்பது வருஷமாக அச்சாக டேலியாகியிருக்கிறது. '81-ல் இருந்த மாதிரியே இருக்கு' என்று அவர் சொன்னது பொய்யில்லை. அவர் கேட்டது அதேதான்.

பாய் வேலையைத் தொடர்ந்தார். இரண்டு சைலன்ஸர் போட வேண்டும் என்றார். முன்னால் சின்னதாக, நார் அடைத்த நேர்க்குழாய் வகை. அது 'சர்சர்' என்ற கீச்சுச் சத்தத்தைக் குடிக்கும். பின்னால் தடுப்புத் தகடுகள் வைத்த அறை வகை. அதற்குள் சத்த அலை முட்டித் திரும்பி, பின்னால் வரும் அலையோடு மோதி, இரண்டும் அடித்துக்கொண்டு அடங்கும். ரீங்காரத்துக்கும் கணக்குச் சொன்னார். நாலு சிலிண்டர் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கும். நிமிஷத்துக்கு 2,400 சுற்று என்றால் நொடிக்கு 80 வெடிப்பு. குழாயை ரப்பர் இல்லாமல் இரும்புப் பட்டையால் பாடியோடு இறுக்கினால், அந்த எண்பதும் தளத்தில் ஏறி, மொத்தக் காரும் தம்புரா ஆகிவிடும். எனவே, தொங்கவிடுகிற இடமெல்லாம் ரப்பர்.

(இந்த சைலன்ஸர் ஆராய்ச்சியில் பெரிய ஆசாமி ஹைரம் பெர்சி மாக்ஸிம். 1909-ல் துப்பாக்கி சைலன்ஸருக்குப் பேடன்ட் வாங்கியவர். கார் எஞ்சின் சத்தத்தை அடக்கவும் வழி தேடியவர். இவருடைய அப்பாதான் மாக்ஸிம் மெஷின்கன்னைக் கண்டுபிடித்து, கடைசிக் காலத்தில் காது கேட்காமல் போனவர். அப்பா போடும் சத்தத்தை மகன் அடக்க வேண்டியிருப்பது எல்லா ஊரிலும் உள்ளதுதான் போலிருக்கிறது.)

மூன்று நாள் கழித்து வண்டி வந்தது. நிஜமாகவே பூனை. பக்கத்தில் நின்று பேசினால் பேச்சுக் கேட்டது.

ஞாயிறு காலை அப்பா சாவியைத் திருப்பினார். ஸ்டார்ட் ஆகிவிட்டது. அவர் மறுபடியும் திருப்பினார். 'கர்ர்ர்ர்' என்று பல்சக்கரம் கதறியது. மூன்றாவது முறையும் திருப்பப் போனவரின் கையை நான் பிடித்துக்கொண்டேன்.

"பேட்டரி போயிடுச்சாடா?"

"அப்பா... வண்டி ஓடிட்டுதான் இருக்கு!"

நம்பாமல் இறங்கிப் போய் பானெட்டைக் கவிழ்த்தார். ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, எஞ்சின்மேல் ஏர் ஃபில்டரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், குழந்தைக்கு ஜுரம் இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. அன்று பீச்சுக்குப் போகவில்லை. "வேணாம்டா, இன்னிக்கு" என்று மட்டும் சொன்னார்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. எதிர்வீட்டுக் குழந்தைக்குத் தூக்கம் வாங்கிக்கொடுத்து, இந்த மனுஷரிடமிருந்து எதைப் பிடுங்கிவிட்டேன்?

காது டாக்டரிடம் அழைத்துப் போனோம். வரைபடத்தில் கோடு இடது பக்கம் நேராகத்தான் வந்தது. வலது பக்கம் போகப் போகப் பள்ளத்தில் விழுந்தது. கட்டைச் சத்தம் கேட்கும், கீச்சுச் சத்தம் போய்விட்டது. பேச்சில் 'ச', 'ஸ', 'ஃப' எல்லாம் அந்தப் பள்ளத்தில்தான் இருக்கின்றனவாம். அம்மா பேசுவது கேட்காது. பேத்தி பேசுவது கேட்காது. ஹெரால்டு மட்டும் கேட்கும். அவரோடு தெளிவாகப் பேசிக்கொண்டிருந்த ஒரே ஜீவன் அதுதான். அதன் வாயைத்தான் நான் கட்டியிருந்தேன்.

"மெஷின் வெச்சா கிழவன் மாதிரி இருக்கும்டா."

"உங்களுக்கு எழுபத்தாறுப்பா."

இரண்டு மாதம் இழுத்தடித்தார். விஷயத்தைச் சொன்னதும் பாய் ஓர் உபாயம் சொன்னார். டேஷ்போர்டில் எஞ்சின் சுற்றுகளைக் காட்டும் ஆர்.பி.எம். மீட்டர் ஒன்றை மாட்டிவிட்டார். சோழவரத்து வண்டிகளில் இருந்த மாதிரியே, கறுப்பு முகம், வெள்ளை முள். அதைப் பார்த்த சந்தோஷத்தில்தான் காது மெஷினுக்கும் சம்மதித்தார் என்று நினைக்கிறேன். அம்மா அந்த மீட்டரைப் பார்த்துவிட்டு, "இதுக்கு எவ்வளவு?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை.

முதல் ஞாயிறு, காதில் மெஷினோடு ஸ்டியரிங்கைப் பிடித்தார். தெரு தாண்டுவதற்குள் முகம் சுளித்தது.

"ஏண்டா, இடதுபக்கக் கதவு இப்படிக் கிடுகிடுங்குது? டேஷ்போர்டுல என்னமோ உருளுது. ஒரு வண்டியா இது! நாளைக்கே பாய்கிட்ட போகணும்."

திரும்பி வந்து வண்டியை நிறுத்தியபோது மணி ஏழே கால். எஞ்சினை அணைத்தவர் இறங்காமல் தலையைச் சாய்த்து எதையோ கேட்டார்.

"யார் வீட்டுக் குழந்தைடா அழறது?"

"எதிர்வீட்டு மாமா பேத்திப்பா. மூணு மாசமாச்சு."

"மூணு மாசமா! ஒரு வார்த்தை சொல்லவேயில்லையே அந்த மனுஷன்?"

"சொன்னார்ப்பா. ரெண்டு தடவை."