கசந்தது யாருக்கு?

கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்த எங்களுக்குக் கசப்பு புதிதன்று. பாகற்காய்க் குழம்பும் வேப்பம்பூ ரசமும் உண்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஆகவே, விடுதியில் எங்கள் தோழி ஒருத்தி முட்டைக்கோஸ் பொரியலைக் "கசக்கிறது" என்று ஒதுக்கியபோது கைகொட்டிச் சிரித்தோம். "சீமாட்டி" என்று பட்டப்பெயரும் சூட்டினோம். அவள் தட்டை எடுத்துக்கொண்டு தனியே அமரத் தொடங்கினாள்.

ஒருநாள் அறிவியல் வகுப்பில், பி.டி.சி. என்னும் பொருள் தடவிய காகிதத் துண்டுகளை நாவில் வைக்கச் சொன்னார் சிஸ்டர். எங்களில் சிலருக்கு அது வெறும் காகிதம். அவளுக்கோ கண்ணீரே வந்துவிட்டது!

சிஸ்டர் விளக்கினார். நாவில் கசப்பை உணரும் புரதங்களை உருவாக்க நமக்குச் சுமார் 25 மரபணுக்கள் உள்ளன. நஞ்சை விழுங்காமல் நம்மைக் காக்கும் காவலாளிகள் அப்புரதங்கள். 1931-ல் அமெரிக்க வேதியியலாளர் ஆர்தர் ஃபாக்ஸ் பி.டி.சி. பொடியைப் புட்டியில் இட்டபோது, பறந்த தூள் உடனிருந்தவருக்குக் கசந்தது, அவருக்குக் கசக்கவில்லை. இதற்குக் காரணமான மரபணு 2003-ல் கண்டறியப்பட்டது. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக நாம் பெறும் அதன் வகைக்கேற்பக் கசப்பு கூடும், குறையும். முட்டைக்கோஸிலும் அதே புரதம் உணரும் பொருள்கள் உண்டாம்.

அன்று மதியம் எங்கள் தட்டுகளுடன் அவளருகே போய் அமர்ந்தோம். "மன்னித்துவிடுடி" என்றோம். அவள் சிரித்துக்கொண்டே தன் முட்டைக்கோஸை எங்கள் தட்டுகளில் தள்ளினாள்.

தோழியரே, பிறர் நாவை நாம் அறியோம். சிரிக்குமுன் சிந்திப்போம்!