மறதி ஒரு மடக்கு... ஞாபகம் ஒரு மடக்கு!

கிரீஸ் போற எல்லாரும் ஏதென்ஸ்ல பஸ் ஏறி டெல்ஃபிக்கு ஓடுவாங்க. நடுவுல வர்ற லிவாடியாவைத் தூங்கிக்கிட்டே தாண்டிடுவாங்க. நீங்க அந்தத் தப்பைப் பண்ணாதீங்க ஃப்ரெண்ட்ஸ். சுமார் ரெண்டு மணி நேரத்துல ஊர் வந்துடும், இறங்கிடுங்க. பாறை இடுக்குல ஹெர்கினா ஆறு சலசலன்னு ஓடுற இடத்துக்குப் பேரு 'க்ரியா'. அப்படின்னா ஜில்லுனு அர்த்தம்! மேல பழைய கோட்டை, கீழ பாறையில குடைஞ்ச மாடங்கள். இது ட்ரோஃபோனியஸ் ஏரியா.

யார் இவர்? ஊரறிய அப்பா, ஆர்கோமெனஸ் ராஜா எர்ஜினஸ். நிஜ அப்பா அப்போலோ சாமிதான்னு ஒரு பேச்சு. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் கில்லாடிக் கொத்தனார்கள். டெல்ஃபியில அப்போலோவுக்கே கோயில் கட்டினவங்க. ஹிரியூஸ் ராஜாவுக்குக் கஜானா கட்டும்போது மட்டும் புத்தி கோணலாப் போச்சு. வெளியிலேர்ந்து கழட்டுற மாதிரி ஒரு கல்லை வெச்சுட்டு, தினம் கொஞ்சம் கொஞ்சமா சுருட்டினாங்க. ராஜா பொறி வெச்சார். சகோதரன் அகமிடிஸ் மாட்டிக்கிட்டான். விடிஞ்சா சித்ரவதை, கூட்டாளி பேரும் வெளியே வந்துடும். ட்ரோஃபோனியஸ் என்ன செஞ்சார் தெரியுமா? கூடப் பிறந்தவன் தலையையே வெட்டி எடுத்துட்டு ஓடிட்டார். லிவாடியாவுல பூமி பிளந்து அவரை விழுங்கிடுச்சு.

அப்புறம்தான் ட்விஸ்ட். அந்த ஆளே குறி சொல்ற தெய்வமாயிட்டார்! கி.பி. 2-ம் நூற்றாண்டுல பௌசானியஸ்ங்கிற பயணி தானே குகைக்குள்ள போயிட்டு வந்து எழுதி வெச்சிருக்கார். வெந்நீர்க் குளியல் கூடாது, ஆத்துலதான் முழுக்கு. ராத்திரி ரெண்டு சின்னப் பசங்க வந்து எண்ணெய் தேய்ச்சு விடுவாங்க. முதல்ல 'லீதி' ஊற்றுத் தண்ணி, பழசெல்லாம் மறக்க. அடுத்து 'நெமோசினி' தண்ணி, உள்ள பாக்கப்போறது மறக்காம இருக்க. (பரீட்சைக்கு முன்னாடி ரெண்டாவது மட்டும் கிடைச்சா போதும்!)

அப்புறம் ரொட்டி அடுப்பு மாதிரி ஒரு குழி. சுமார் நாலு முழ அகலம், எட்டு முழ ஆழம். ஏணி வெச்சு இறங்கி, தேன்ல பிசைஞ்ச பார்லி அடையைக் கையில பிடிச்சுக்கிட்டு, அடியில இருக்கிற பொந்துக்குள்ள காலை நீட்டணும். ஆத்துச் சுழல் இழுக்கிற மாதிரி சரக்குனு இழுத்துக்கும். வெளிய வர்றதும் கால் முதல்லதான். மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்குமாம். எப்பவும் உம்முனு இருக்கிற ஆளை, 'ட்ரோஃபோனியஸைப் பாத்துட்டு வந்தியா?'ன்னு கிண்டலடிக்கிற வழக்கமே கிரேக்கத்துல இருந்துச்சு.

அப்பா யாருங்கிற சண்டையில பௌசானியஸ் அப்போலோ பக்கம். அந்தக் குகைக்குள்ள போனவங்க எல்லாருமே அப்படித்தான் நம்புறாங்கன்னு சேர்த்துக்கிறார். கூடப் பிறந்தவன் ரத்தம் படிஞ்ச கையா, சாமி ரத்தம் ஓடுற கையான்னு மேலே நிக்கிறவங்க விவாதிக்கலாம். இருட்டுக்குள்ள காலை விட்டவருக்கு அது விவாதமே இல்ல.

பயப்படாதீங்க, கொஞ்ச நேரத்துல அறிவு தெளிஞ்சிடுமாம். சிரிப்பும் திரும்ப வந்துடும்னு அவரே எழுதியிருக்கார்.